கண்டக்டருக்கு ஒரே ஒரு பயணி

என் கணவர் பஸ் கண்டக்டராக இருந்தார். தருமபுரியில் புறப்பட்டுப் பாலக்கோடு, மாரண்டஹள்ளி, ராயக்கோட்டை வழியாக ஓசூர் போய்த் திரும்பும் தனியார் பஸ். பாலக்கோட்டில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், வரிசையாக இருந்த ஓட்டு வீடுகளில் ஒன்றில் நாங்கள் குடியிருந்தோம். நான் அதே ஊரில் பஞ்சாயத்து யூனியன் பள்ளிக்கூடத்தில் டீச்சர். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

அந்தப் பாதையில் அவரைத் தெரியாதவர்கள் கிடையாது. காரணம் அவருடைய வாய். கோழியை மடியில் வைத்துக்கொண்டு ஏறுகிறவளிடம், "கோழிய ஜன்னலோரமா ஒக்கார வைம்மா, தலசுத்தி வாந்தி எடுத்துரப் போவுது" என்பார். கூட்டம் நெருக்கும்போது, "மாமியாரு வூட்டுக்குப் போற மாப்பிள்ளைங்கெல்லாம் முன்னாடி வாங்க, சண்ட போட்டுட்டுத் திரும்புறவங்க பின்னாடி நில்லுங்க" என்று குரல் கொடுப்பார். யாரும் அசையமாட்டார்கள், ஆனால் நெருக்கடியில் வந்த கோபம் போய்விடும். மாரண்டஹள்ளிக்கு மேலே ஏறுகிறவர்களிடம் கன்னடத்திலும் தெலுங்கிலும் இதே கிண்டல் நடக்கும். அடுத்த வண்டி காலியாக வந்தாலும் இவர் வண்டிக்காகக் காத்திருந்து ஏறுகிறவர்கள் இருந்தார்கள்.

நான் அப்படிச் சிரிக்கிற சுபாவம் இல்லாதவள். எங்கள் வீட்டில் பெண்பிள்ளை பல் தெரியச் சிரித்தால் அப்பா நிமிர்ந்து பார்ப்பார். அந்தப் பார்வையே போதும். பிறகு வேலையும் அப்படி அமைந்துவிட்டது. நான் வகுப்பு வாசலில் கால் வைக்கும்போதே பிள்ளைகள் கையைக் கட்டிக்கொள்ளும். அவர் வேலை முடிந்து வந்து, பஸ்ஸில் அன்றைக்கு நடந்த கூத்தையெல்லாம் அடுப்படி வாசலில் உட்கார்ந்து சொல்லுவார். நான் கேட்டுக்கொண்டே சமைப்பேன். கடைசியில், "சரி, கையக் கழுவிட்டு வாங்க" என்பேன். அவருக்கு அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. எனக்கும் இல்லை. எங்கள் குடும்பம் அப்படி ஓடியது.

சேலத்திலிருந்து பிரித்துத் தருமபுரியைத் தனி மாவட்டமாக்கிச் சில வருஷம் ஆகியிருக்கும், அப்போதுதான் அவருக்கு மறதி தொடங்கியது என்று இப்போது கணக்குப் போடுகிறேன். அப்போது அது மறதி என்று யாருக்கும் தெரியவில்லை. டிக்கெட் கொடுத்த ஆளிடமே திரும்ப வந்து, "டிக்கெட் எடுத்தாச்சா?" என்று கேட்பாராம். பஸ் கொல்லென்று சிரிக்கும். பாலக்கோடு ரோட்டில் விசிலை ஊதி, "தொப்பூர் எறங்குறவங்க வாங்க" என்பாராம். தொப்பூர் இருப்பது நேர் எதிர்த் திசையில், சேலம் போகிற வழியில். ஜனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்களாம். வீட்டில் சட்டையை உள்வெளியாகப் போட்டுக்கொண்டு நின்றார். ஏன் என்று கேட்டால், "வெளிப்பக்கம் பாத்துப் பாத்து அலுத்துப்போச்சு டீச்சரு" என்றார். தமாஷ்காரர் தடுமாறினால் அதுவும் தமாஷ் கணக்கில்தான் சேரும். சீரியசான ஆளாக இருந்திருந்தால் ஆறு மாசத்தில் கண்டுபிடித்திருப்போம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவருடைய வண்டி டிரைவர் வீட்டுக்கு வந்தார். என் கணவர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். டிரைவர் உட்காரவில்லை. வாசலிலேயே நின்றுகொண்டு பேசினார்.

"டீச்சரம்மா, தப்பா நெனைக்காதீங்க. அண்ணனுக்கு ஒடம்புக்கு என்னமோ ஆயிருச்சுங்க."

"ஏன், என்ன ஆச்சு?"

"நேத்து ராயக்கோட்டை தாண்டி ஒரு ஸ்டாப்புல எறங்குனாருங்க. விசிலு குடுத்தாரு, நானு ஏறிட்டாருன்னு நெனச்சு வண்டிய எடுத்துட்டேன். கொஞ்ச தூரம் போனப்புறம் பின்னாடி சீட்டுல இருந்தவங்க சத்தம் போட்டாங்க. திரும்பிப் போனா, புளியமரத்தடியில நிக்கிறாருங்க. என்னப் பாத்து, 'பாலக்கோட்டுக்கு எந்தப் பக்கமுங்க போவணும்?'னு கேக்கறாரு. வண்டில எல்லாரும் சிரிச்சாங்க. நானும் மொதல்ல சிரிச்சேன். அப்பறம் அவரு கண்ணப் பாத்தேன். அது தமாஷ் இல்லீங்க."

சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர்கள் இரண்டு பேரும் ஒரே வண்டியில் பல வருஷம் ஓடியவர்கள்.

தருமபுரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். அங்கிருந்து சேலத்துக்கு அனுப்பினார்கள். சேலத்தில் ஒரு டாக்டர், வயசானவர், அவரைப் பெயர், ஊர், கிழமை எல்லாம் கேட்டுவிட்டு வெளியே உட்காரச் சொன்னார். என்னிடம், "மூளை கொஞ்சங் கொஞ்சமா தேயுதும்மா. சின்ன வயசுலயே சில பேருக்கு வந்துடுது. மருந்து கெடையாது. நேரத்துக்குச் சாப்பாடு போடுங்க, தனியா வெளிய அனுப்பாதீங்க, கோவப்படுத்தாதீங்க" என்றார். இவ்வளவுதான் எனக்குக் கிடைத்த வைத்தியம். சொந்தக்காரர்கள் ஒரு முறை வந்தார்கள். தீர்த்தமலைக்குக் கூட்டிப்போய் ஐந்து தீர்த்தத்திலும் குளிக்க வைத்தால் தெளியும் என்றார்கள். கூட்டிப்போனேன். பாறையிலிருந்து தண்ணீர் தலையில் விழுந்ததும் அவர் பயந்து என் கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு சொந்தக்காரர்கள் வரவில்லை.

பஸ் வேலை நின்றது. முதலாளி மரியாதையாகத்தான் சொல்லி அனுப்பினார். காலையில் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நிற்பார். "இன்னிக்கு லீவுங்க" என்பேன். உள்ளே வருவார். மறுபடி போய் நிற்பார். நான் பள்ளிக்கூடம் போகும் நேரத்தில் பக்கத்து வீட்டு பாயம்மா பார்த்துக்கொண்டார். அவர் வீட்டுக்காரர் பஜாரில் தகரப்பெட்டி செய்கிறவர். பாயம்மா வாசலில் முறத்தை வைத்துக்கொண்டு அரிசி புடைப்பது போல எங்கள் வாசலைப் பார்த்தபடி இருப்பார். அந்த ஒரு உபகாரத்துக்கு நான் இந்த ஜென்மத்தில் பதில் செய்ய முடியாது.

சாயங்காலம் நான் வந்த பிறகுதான் கஷ்டம். இருட்டுகிற நேரத்தில் அவருக்கு பயம் வந்துவிடும். டிக்கெட் பையை யாரோ எடுத்துவிட்டார்கள் என்பார். வீட்டுக்குப் போகவேண்டும் என்பார். "இதுதாங்க வூடு" என்றால் என்னை ஏமாற்றுக்காரியைப் பார்ப்பது போலப் பார்ப்பார். நான் பள்ளிக்கூடத்துப் பழக்கத்தில் திருத்தப் பார்ப்பேன். இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, உங்க அம்மா செத்துப் பல வருஷம் ஆகுது, நான் உங்க சம்சாரம் என்பேன். ஒவ்வொரு திருத்தத்துக்கும் அவர் குரல் உயரும். ஒருநாள் கையை ஓங்கினார். அதுவரை என்னை ஒரு சொல் கடிந்து பேசாத மனுஷன். அடிக்கவில்லை. ஓங்கிய கையைத் தானே பார்த்துக்கொண்டு நின்றார். வீட்டில் இரண்டு பேர் இருந்தோம். பேச்சுத்துணைக்கு ஒருவர் இல்லை.

குளிக்க வைப்பதுதான் எல்லாவற்றிலும் கொடுமை. தீர்த்தமலைக்குப் பிறகு தண்ணீர் என்றாலே அவருக்கு பயம். ஒரு சனிக்கிழமை புழக்கடையில் வெந்நீரை விளாவி வைத்துவிட்டு, வாங்க வாங்க என்று இழுத்துக்கொண்டிருந்தேன். அவர் தூணைப் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்றார். நான் இன்னும் பலமாக இழுத்தேன். பாசி பிடித்த கல்லில் கால் வழுக்கி, குண்டாவோடு தொப்பென்று விழுந்தேன். குண்டாவில் இருந்த தண்ணீர் முழுக்க என் தலையில். புடவையெல்லாம் சேறு.

அவர் தூணை விட்டுவிட்டுக் கிட்டே வந்தார். குனிந்து என்னைப் பார்த்தார்.

"வண்டி நின்னப்புறம் எறங்கச் சொன்னேனா இல்லியா?" என்றார். பழைய குரல். பஸ்ஸில் கேட்கிற அதே குரல்.

எனக்கு இடுப்பில் நல்ல அடி. வலியில் அழுகைதான் வந்திருக்க வேண்டும். என்ன காரணமோ சிரிப்பு வந்துவிட்டது. சேற்றில் உட்கார்ந்தபடியே சிரித்தேன், நிறுத்த முடியவில்லை. அதைப் பார்த்து அவரும் சிரித்தார். சிரித்து முடித்ததும் பக்கத்தில் குந்தி உட்கார்ந்துகொண்டார். அண்டாவில் மிச்சமிருந்த வெந்நீரை எடுத்து அவர் முதுகில் ஊற்றினேன். முரண்டு பிடிக்காமல் குனிந்து கொடுத்தார். எத்தனையோ நாளைக்கு அப்புறம் அவருக்கு சோப்புப் போட்டுக் குளிப்பாட்டினேன்.

அன்றைக்கு எனக்கு ஒன்று புரிந்தது. அவருக்குக் கிழமை போய்விட்டது, ஊர் போய்விட்டது, நான் யார் என்பதும் போய்விட்டது. சிரிப்பு போகவில்லை. அந்த ஒரு வாசல் திறந்திருந்தது. ஆனால் அந்த வாசல் வழியாகப் போக எனக்குத் தெரியாது. நாற்பது தாண்டிய ஒரு டீச்சர், தமாஷ் பண்ணக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. சொல்லிக்கொடுக்க வேண்டியவர் எதிரில்தான் இருந்தார், அவரிடம் கேட்க முடியாது.

முதலில் அவருடைய பழைய தமாஷையே திருப்பிச் சொன்னேன். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கோழிக் கதையை நான் சொன்னால் கோழி வளர்ப்புப் பாடம் மாதிரி இருந்தது. அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு ஒரு சாயங்காலம், அவர் வீட்டுக்குப் போகணும் என்று ஆரம்பித்தபோது, இதுதான் வீடு என்று சொல்லாமல், முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "கண்டக்டர், ஒரு டிக்கெட் குடுங்க" என்றேன்.

உடனே அவர் நிமிர்ந்து நின்றார். "எங்கம்மா போவணும்?"

"சொர்க்கத்துக்குங்க."

"நேரா போவாது. ராயக்கோட்டையில எறங்கி வேற வண்டி மாறணும்" என்றார்.

நான் சிரித்தேன். இந்த முறை தானாக வந்த சிரிப்பு. அவருக்கு பயம் போய்விட்டது.

அதன் பிறகு தினமும் பஸ் ஓடியது. முக்காலிதான் சீட்டு. சாமான் மூட்டை வேண்டும் என்று தலையணையை மடியில் வைத்துக்கொள்வேன். "இதென்னம்மா மூட்ட?" என்பார். "மாமியாருங்க, மடிச்சு வச்சிருக்கேன்" என்பேன். எங்கள் ஹெட்மாஸ்டர் தும்முவது ஊருக்கே தெரிந்த சங்கதி. வாயைத் திறந்து, கண்ணை மூடி, தும்மல் வருமா வராதா என்று அரை நிமிஷம் எல்லோரையும் காக்க வைப்பார். அதை நடித்துக் காட்டினேன். என் கணவர் தரையில் உட்கார்ந்து சிரித்தார். கதவைச் சாத்திக்கொண்டுதான் இதெல்லாம். டீச்சர் இப்படி முகத்தைக் கோணிக்கொண்டு ஆடுவதை யாராவது பார்த்தால், வியாதி இவளுக்கும் ஒட்டிக்கொண்டது என்பார்கள். சந்தில் போகிறவர்களுக்குச் சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்கும். "டீச்சர் வூட்டுல என்ன விசேஷம்?" என்று பாயம்மாவிடம் கேட்பார்களாம்.

இன்றைக்கு இந்த நோய்க்குப் பெயர் இருக்கிறது. சிரிக்க வைப்பது அதற்கு ஒரு வைத்தியம் என்றும் சொல்லக் கேட்கிறேன். நல்லதுதான். ஆனால் அந்தச் சிரிப்பு நின்ற பிறகு வருகிற அமைதியைப் பற்றி யாரும் சொல்லிக் கேட்கவில்லை. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் என்னைப் பார்ப்பார். நல்ல பயணி ஒருத்தியைப் பார்க்கிற பார்வை. அவ்வளவுதான் அதில் இருக்கும். கல்யாணமான காலத்திலிருந்து நாங்கள் சேர்ந்து இவ்வளவு சிரித்ததில்லை. இப்போது சிரிக்கிறோம், அவருக்கு நான் யார் என்று தெரியாது.

ஒருநாள் பஸ் ஓடிக்கொண்டிருந்தபோது நானே கேட்டுவிட்டேன். "கண்டக்டருக்குக் கல்யாணம் ஆயிருச்சுங்களா?"

"ஆவாம என்ன? எம் பொஞ்சாதி டீச்சரு."

"எப்படிங்க, நல்லவங்களா?"

"ரொம்ப நல்லவ. ஆனா கமுக்கம். நானு எது சொன்னாலும் எதுக்க நின்னு சிரிக்காது. அடுப்புக்கிட்ட குனிஞ்சுக்கும், முந்தானைய வாயில வச்சுக்கும், தோளு குலுங்கும். எனக்குத் தெரியாதுன்னு நெனப்பு. எனக்குத் தெரியும்" என்று சொல்லிக் கண்ணடித்தார்.

அது இருமல். எங்கள் அடுப்படிக்குப் புகைபோக்கி கிடையாது. ஈர விறகு எரியும்போது புகை அடித்து, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு இருமுவேன். இத்தனை வருஷமும் வாசலில் உட்கார்ந்துகொண்டு, அதைப் பார்த்து, தன் பெண்டாட்டி மறைந்து சிரிக்கிறாள் என்று சந்தோஷமாக இருந்திருக்கிறார்.

"ஆமாங்க, டீச்சருங்க அப்படித்தான்" என்றேன்.

எல்லாச் சிரிப்பும் ஒன்றல்ல என்பதும் அந்தக் காலத்தில்தான் தெரிந்தது. ஒருமுறை பாயம்மா அசந்த நேரத்தில் அவர் வெளியே போய்விட்டார். பள்ளிக்கூடத்துக்கு ஆள் வந்தது, ஓடினேன். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பெஞ்சுமேல் ஏறி நின்றுகொண்டிருந்தார். சுற்றிலும் பத்துப் பேர். "கண்டக்டரே, அடுத்த ஸ்டாப்பு எது?" என்று ஒருத்தன் கேட்கிறான். இவர் ஏதோ ஊர் பேரைச் சொல்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். "கண்டக்டரே, உங்க பேரு என்ன?" இவர் யோசிக்கிறார். அதற்கும் சிரிக்கிறார்கள். கூடவே இவரும் சிரிக்கிறார். அவர் முகத்தில் அவமானம் இல்லை, நல்ல சந்தோஷம். அதனால் எனக்கு ஒரு நிமிஷம் என்ன செய்வதென்று தெரியவில்லை. வண்டி நிறைய ஆள் கிடைத்துவிட்டது என்று இருக்கிற மனுஷனை எப்படிக் கீழே இறக்குவது?

கூட்டத்துக்குள் புகுந்து, "கண்டக்டர், எனக்கு எறங்கற எடம் வந்துருச்சு, கொஞ்சம் கை குடுங்க" என்றேன். மூட்டை தூக்கிக் கொடுக்கிறவர் போல அவசரமாக இறங்கி என் கையைப் பிடித்தார். என்னிடம் படித்த பையன்கள் அந்தக் கூட்டத்தில் இரண்டு பேர் இருந்தார்கள், வளர்ந்து மீசை வைத்தவர்கள். தலையைக் குனிந்துகொண்டார்கள். கையைப் பிடித்தபடி நடந்து வீடு வந்து சேர்ந்தோம்.

பிறகு வார்த்தை போக ஆரம்பித்தது. சொர்க்கம், ராயக்கோட்டை, மாமியார் எதுவும் வேலை செய்யவில்லை. முகமும் சத்தமும்தான் மிச்சம். காலித் தட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு சோறு ஊட்டினேன். தட்டு விழும் சத்தத்துக்குச் சிரித்து வாயைத் திறப்பார், அந்த இடைவெளியில் ஒரு கவளம். சில நாள் அதுவும் இல்லை. ஹெட்மாஸ்டர் தும்மல் மட்டும் கடைசிவரை நின்றது.

ஒரு சாயங்காலம் அந்தத் தும்மலைத் தும்மினேன். கண்ணை மூடி, காக்க வைத்து, பெரிதாக. கண்ணைத் திறந்தால் அவர் சிரிக்கவில்லை. முகத்தில் கவலை. பல நாளாகப் பேசாத மனுஷன், ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து, "சளி... புடிச்சிருக்காம்மா? வெந்நி... வச்சுக் குடி" என்றார். கையை நீட்டி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

நான் எழுந்து போய் வெந்நீர் வைத்தேன். அவருக்கு எதிரில் உட்கார்ந்து குடித்தேன். அதற்குப் பிறகு தமாஷ் எதுவும் பண்ணவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன், அவ்வளவுதான். தை மாசத்தில், பகல் வேளையில், நான் வீட்டில் இருக்கும்போதே போனார். டிரைவர் வந்து தோள் கொடுத்தார். காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பிப் போனார்கள். நான் பள்ளிக்கூடம் போனேன்.

அந்த வருஷம் கோடை லீவுக்கு முன்னால் ஒரு சம்பவம். வகுப்புக்கு வெளியே ஒரு சத்தம் கேட்டு எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள், வேறு வாசல் வழியாக ஒரு ஆடு நுழைந்து சுவரில் தொங்கிய இந்தியா மேப்பைத் தின்றுகொண்டிருந்தது. விரட்டுவதற்குள் தெற்கில் பாதி போய்விட்டது. முதல் பெஞ்சுப் பெண் ஒருத்தி எழுந்து, அழாத குறையாக, "டீச்சர், தருமபுரி மாவட்டத்த ஆடு தின்னுருச்சு டீச்சர்" என்றாள். நான் பிள்ளைகளுக்கு எதிரில், பல் தெரிய, சத்தமாகச் சிரித்துவிட்டேன். பிள்ளைகள் திகைத்துப் போய்க் கையைக் கட்டிக்கொண்டன. ஒன்று இரண்டு மெதுவாகச் சிரித்துப் பார்த்தது. பிறகு வகுப்பு முழுக்கச் சிரித்தது.

மணி அடித்ததும் வேகமாக நடந்தேன். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், ஆடு எப்படி மெல்லுகிறது என்பதை எங்கே செய்து காட்ட வேண்டும் என்று வழி முழுக்க யோசித்துக்கொண்டே வந்தேன். சந்துக்குள் திரும்பிய பிறகுதான் யாரிடம் சொல்லப் போகிறேன் என்ற நினைப்பு வந்தது. அப்படியே நின்றேன். பிறகு பாயம்மா வீட்டுக்குப் போய், அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த இடத்தில் உட்கார்ந்து, முழுக்கச் சொன்னேன். நன்றாகத்தான் சொன்னேன்.

பாயம்மா கேட்டுவிட்டு, "அட பாவமே, அந்த மேப்புக்கு ஒங்க சம்பளத்துல புடிச்சுக்குவாங்களா?" என்றார்.

"இல்லீங்க, பள்ளிக்கூடமே புதுசு வாங்கும்" என்றேன்.

"அப்ப சரி" என்றார். நிஜமான அக்கறையில் கேட்டவர், குறை சொல்ல ஒன்றுமில்லை. கொஞ்சம் வெங்காயம் உரித்துக் கொடுத்துவிட்டு எழுந்து வந்தேன்.

கதவைத் திறந்து விளக்கைப் போட்டேன். அவராக இருந்தால் முதலில், ஆடு எந்த ஊரிலிருந்து தின்ன ஆரம்பித்தது என்று கேட்டிருப்பார். கன்னியாகுமரியிலிருந்து என்று சொல்லியிருப்பேன். டிக்கெட் எடுத்ததா என்று அடுத்த கேள்வி வந்திருக்கும். ஒரு ஆளுக்கு அரிசி களைந்து வைத்தேன்.